கலந்த ஒளியின் கோணம்

ஜனவரி 11

தம்பிக்கு,

என் கணக்கை எடுத்து இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டாய். இதைச் சொன்ன பிறகுதான் நலம் விசாரிப்பது என்று இருந்தேன். சொல்லியாயிற்று, விசாரிக்கிறேன். முழங்கால் வலி குறைந்ததா? என் ரத்த அழுத்தம் மாத்திரையோடு சமாதானமாகத்தான் இருந்தது, உன் பொட்டலம் வரும் வரைக்கும்.

"அச்சுக்குப் போகும் முன்னால் ஒரு தடவை பாருங்கள் அண்ணா" என்று புத்தகக் கட்டை அனுப்பியிருக்கிறாய். பார்த்தேன். முதல் தாளில் உன் பெயர். பக்கத்தில் உன் ஆராய்ச்சி மாணவியின் பெயர். நான் நன்றியுரையில், பல் டாக்டருக்கும் தட்டச்சு செய்தவருக்கும் நடுவில் நிற்கிறேன்: "ஊக்கம் தந்த அண்ணனுக்கு." ஊக்கம் தர நான் என்ன சத்து மாத்திரையா?

அத்தியாயம் நான்குக்கு வருகிறேன். ஒளியின் நிலையை, அதாவது அது அதிரும் விதத்தை, ஓர் உருண்டையின் மேல் புள்ளியாக வைக்கலாம். அந்தப் புள்ளியை ஒரு சுற்று சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்தால் எல்லாம் பழையபடி இருக்கும் என்றுதான் எவனும் நினைப்பான். இருக்காது. ஒரு திருப்பம் மிஞ்சும். வேகமாகச் சுற்றினாயா மெதுவாகச் சுற்றினாயா என்பதை அது கேட்காது. வளைத்த பரப்பு எவ்வளவோ அதற்கேற்ற திருப்பம். இது உலகத்துக்கே தெரிந்தது. ஆனால் அது ஒரே நிலையில் இருக்கும் தூய ஒளிக்கு. கலந்த ஒளிக்கு என்ன கதி? முக்கால் பங்கு ஒரு நிலையிலும் கால் பங்கு அதற்கு நேர் எதிர் நிலையிலும் இருந்தால், ஒன்று வலப்பக்கம் அறுபது டிகிரி திரும்பும்போது மற்றது இடப்பக்கம் அறுபது திரும்பும். மொத்தத்துக்கு எவ்வளவு?

இந்தக் கேள்வியைக் கேட்டவன் நான். போன வருஷம் விடையும் எழுதினேன். பங்கால் பெருக்கு, கூட்டு. நாற்பத்தைந்தில் பதினைந்து போனால் முப்பது. நீ பதில் போட்டாய்: "நன்றாக இருக்கிறது அண்ணா. சிறிய சுற்றுகளுக்கு அழகாகப் பொருந்துகிறது."

இப்போது உன் புத்தகத்தில் அதே கேள்வி. அதே முக்கால், அதே கால், அதே அறுபது. விடை மட்டும் நாற்பத்தொன்று. கீழே, "இந்த வழியைக் காட்டியவர் என் மாணவி." திருடிய மாட்டின் கொம்பைச் சீவிவிட்டால் சொந்தக்காரனுக்கு அடையாளம் தெரியாதா?

பதில் எழுது. போன் செய்யாதே, போனில் கோணம் வரைய முடியாது. அண்ணி உன்னை அன்போடு விசாரித்தாள். அவளுக்கு இன்னும் விஷயம் தெரியாது.

அண்ணன்


ஜனவரி 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

முழங்கால் பரவாயில்லை. மாடியேறும்போது மட்டும் என் வயதை எனக்குச் சொல்கிறது. நீங்கள் மாத்திரையை விடாமல் போடுங்கள்.

உங்கள் கணக்கை யாரும் எடுக்கவில்லை. கேள்வி உங்களுடையதுதான், அதை நன்றியுரையில் தனியாகக் குறிப்பிடுகிறேன். விடைக்கு வேறு வழியில் போயிருக்கிறோம். அதைக் கடிதத்தில் விளக்குவது கடினம். நேரில் பேசலாம்.

மாணவி நல்ல பெண். சாப்பிடும்போதும் விடமாட்டாள். நேற்று என் தட்டுக்குப் பக்கத்தில் தாளை வைத்து, "சார், இந்தப் பக்கம் முழுக்கத் தப்பு. கிழிச்சிடட்டுமா, இல்ல நீங்களே கிழிக்கிறீங்களா?" என்றாள். நானும் விடவில்லை. அவள் படங்களில் தேடித் தேடிப் பிழை பிடித்துப் பழிவாங்கினேன். இந்த வயதில் எனக்கு இப்படி ஒரு சண்டை தேவையாக இருக்கிறது.

கடை எப்படி நடக்கிறது? அண்ணியின் தோள் வலிக்கு வெந்நீர் ஒத்தடம் நல்லது.

தம்பி


பிப்ரவரி 4

தம்பிக்கு,

உடம்பு இருக்கிறபடி இருக்கிறது.

நேரில் பேசலாம் என்று எழுதுகிறவன் நேரில் வரமாட்டான் என்பது நான் கண்ட உண்மை. என் கடைக்கு வருகிறவர்களும் அப்படித்தான். "பிறகு வர்றேங்க" என்றால் பக்கத்துக் கடையில் கண்ணாடி வாங்கிவிட்டான் என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றிக் கேட்கிறேன். ஒவ்வொரு ஞாயிறும் உட்கார்ந்து எனக்கு எழுதுவாய். ஒரு கேள்வி வைப்பாய், நான் வாரம் முழுக்க லென்ஸ் உரசிக்கொண்டே யோசிப்பேன். மெஷினில் தண்ணீர் ஊற்ற மறந்து லென்ஸ் கருகியிருக்கிறது. பட்டம் வாங்காத எனக்கு அதுதான் கல்லூரி. போன கோடையிலிருந்து உன் ஞாயிறு எங்கே போகிறது என்று தெரியாமல் இருந்தேன். உன் கடிதத்தில் இருக்கிறது, தட்டுக்குப் பக்கத்தில்.

அவள் உன் தப்பைச் சொல்கிறாள், நீ அவள் தப்பைச் சொல்கிறாய். சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறாய், எழுத்தில் தெரிகிறது. எனக்கு எழுதுவது என்ன? வெந்நீர் ஒத்தடம்.

சரி, கணக்குக்கு வா. எனக்கு முப்பது, அவளுக்கு நாற்பத்தொன்று. நடுவில் உள்ள பதினொரு டிகிரி எங்கிருந்து முளைத்தது? அவள் வழியைப் படித்தேன். ஒவ்வொரு பங்குக்கும் ஓர் அம்பு வரைகிறாள். பங்கு பெரியதென்றால் அம்பு நீளம். ஒன்றின் நுனியில் இன்னொன்றை ஒட்டி, கடைசி நுனி எந்தத் திசையில் இருக்கிறதோ அதுதான் விடையாம். குழந்தை குச்சி அடுக்குகிறது. கூட்டி வகுக்கத் தெரியாதவர்களுக்கு அம்பு வேண்டும்.

அட்டையில் மூன்று பெயர் வர வேண்டும். அதற்குக் குறைந்து நான் ஒப்பமாட்டேன்.

அண்ணன்


பிப்ரவரி 20

தம்பிக்கு அண்ணி எழுதுவது,

எல்லாரும் உயிரோடு இருக்கிறோம், உங்கள் அண்ணன் மட்டும் அதிகமாகவே உயிரோடு இருக்கிறார். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

என்னதான் நடந்தது? கடைக்கு வருகிறவர்களிடம் வள்ளென்று விழுகிறார். நேற்று ஒருவர் புதுக் கண்ணாடியைத் திருப்பிக் கொண்டுவந்து, "எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதுங்க" என்றார். இவர் சொன்ன பதிலைக் கேளுங்கள்: "உங்களுக்காவது ரெண்டு தெரியுது. என் தம்பிக்கு ஒண்ணுதான் தெரியுது." அந்த மனுஷன் என்னைப் பார்த்து முழிக்கிறார். நான் காசைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினேன்.

அந்தப் பெண்ணைப் பற்றிச் சாப்பிடும்போதெல்லாம் கேள்வி. "அவளுக்கு என்ன வயசு இருக்கும்?" என்கிறார். "எனக்கெப்படித் தெரியும்" என்கிறேன். "நல்லா கணக்குப் போடுவாளோ?" என்கிறார். "போடாமலா சேர்த்துக்கிட்டாரு" என்றால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுகிறார். புருஷன் இன்னொரு பெண்ணை நினைத்துப் பொருமினால் நான் சண்டை போடலாம். தம்பிக்கு இன்னொரு கூட்டாளி வந்துவிட்டாள் என்று பொருமினால் நான் யாரிடம் போய்ச் சொல்வது?

அவர் கணக்கு சரியா, தப்பா? அதை மட்டும் எனக்கு எழுதுங்கள். தோள் வலி அப்படியே இருக்கிறது. ஒத்தடம் கொடுத்தேன், பயனில்லை.

அண்ணி


மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

தோளுக்கு ஒரு தைலம் அனுப்புகிறேன்.

கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறேன். அண்ணன் கணக்கு தப்பு. சுற்று சிறியதாக இருந்தால் தப்பு தெரியாது. பெரியதாக ஆக ஆக விலகிக்கொண்டே போகும். அவர் அனுப்பியபோதே எனக்கு ஏதோ உறுத்தியது. எங்கே என்று எனக்குப் பிடிபடவில்லை, "நன்றாக இருக்கிறது" என்று எழுதிவிட்டேன். பிறகு மாணவியிடம் காட்டினேன். தேநீர் ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிட்டாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை எழுத உட்கார்ந்தேன். நான் கல்லூரிக்குப் போனபோது அவர் அப்பாவின் கடையில் உட்கார்ந்தார். அவர் முகத்துக்கு நேராகத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெயர்தான் வேண்டுமென்றால் அட்டையில் போட்டுவிடுகிறேன். மாணவியிடம் சொல்லிவிட்டேன், அவளுக்கு ஆட்சேபம் இல்லை. "ஆனா சார், அவருக்கு நெஜத்தைச் சொல்லாம பேரை மட்டும் போடுறது நல்லா இல்ல" என்று மட்டும் சொன்னாள்.

தயவுசெய்து அண்ணனிடம் சொல்ல வேண்டாம்.

தம்பி


மார்ச் 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

அட்டையில் மூன்று பெயரும் வரும். உங்கள் பெயர் முதலில். சந்தோஷம்தானே? உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி


மார்ச் 16

தம்பிக்கு,

இரண்டு வரியில் சந்தோஷப்படச் சொல்கிறாய். படுகிறேன். அண்ணியின் தோளுக்குத் தைலம் வந்தது, நாற்றம் தெரு முனை வரைக்கும் போகிறது. ஒத்தடம் நீ எனக்கு எழுதியது, தைலம் அவளுக்கு நேராக வருகிறது. இந்த வீட்டில் யார் யாருக்கு எழுதுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஒன்று விட்டுப்போயிருக்கிறது. முப்பதா, நாற்பத்தொன்றா? என் பெயரை முதலில் போட்டு, உள்ளே அவள் விடையை வைத்தால், படிக்கிறவன் நாற்பத்தொன்று நான் சொன்னது என்று நினைப்பான். என் தலைக்கு அவள் தொப்பி வேண்டாம். முப்பது என்று திருத்து. அந்த அம்புப் படங்களை எடு. முடியாதென்றால் இந்த அத்தியாயத்தை நிறுத்தச் சொல்லி அச்சகத்துக்கு நானே எழுதுவேன். விலாசம் உன் கட்டின் மேலேயே இருக்கிறது.

அவள் சொன்னதைக் கேட்டுத்தான் மாற்றினாய் என்று எனக்குத் தெரியும். என் கணக்குக்கு எதிராக அவள் என்ன சொன்னாள்? அதையாவது எழுது.

அண்ணன்


ஏப்ரல் 2

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் உங்கள் தம்பியின் மாணவி. என்மேல் உங்களுக்குக் கோபம் என்று தெரியும். இந்தக் கடிதம் ஒரு வாடிக்கையாளரின் கடிதம்.

என் வலது கண்ணுக்குச் சிலிண்டர் பவர் உண்டு. அந்த லென்ஸை எந்தச் சாய்வில் வைப்பது என்பதில் குழப்பம். ஒரு டாக்டர் ஆக்சிஸ் 175 டிகிரி என்று எழுதினார். திருப்தியில்லாமல் இன்னொருவரிடம் போனேன். அவர் 5 டிகிரி என்று எழுதினார். பவர் இரண்டு சீட்டிலும் ஒன்றுதான். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் தொண்ணூறு வருகிறது. தொண்ணூறிலேயே செய்துவிடலாமா? இங்குள்ள கடைகளில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். உங்கள் தம்பி, "இந்தத் தொழிலில் என் அண்ணன் கை தப்பாது" என்பார். இரண்டு சீட்டையும் என் பழைய கண்ணாடியையும் அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
மாணவி


ஏப்ரல் 10

அம்மணிக்கு,

நாங்கள் நலம். கண்ணாடி இந்தப் பொட்டலத்தில் இருக்கிறது. கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவிலுள்ள தூரத்தை இரண்டு டாக்டருமே எழுதவில்லை, பழைய ஃபிரேமை வைத்து அளந்துகொண்டேன். வாடிக்கையாளர் என்று எழுதியதால் செய்தேன். வேறு எதற்காகவும் செய்யவில்லை.

தொண்ணூறில் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் தெரியுமா? படுக்க வேண்டியது நிமிர்ந்து நின்றிருக்கும். படிக்கட்டில் இறங்கும்போது உருண்டிருப்பாய். நூற்றெண்பதும் சைபரும் ஒரே படுக்கைக் கோடுதான். ஒரு டாக்டர் அதற்கு இந்தப் பக்கம் ஐந்து போனார், மற்றவர் அந்தப் பக்கம் ஐந்து போனார். அவர்கள் இருவருக்கும் சண்டையே இல்லை. விடை நூற்றெண்பது. அதில்தான் வைத்திருக்கிறேன்.

இவ்வளவு படித்துவிட்டுக் கோணத்தைத் தேங்காய் மாதிரி எண்ணிக் கூட்டி வகுக்கிறாயே! கோணம் எண்ணிக்கை இல்லை, அது ஒரு சாய்வு. சீட்டில் உள்ள கோணத்தை இரட்டித்துக் கோடாக வரை, அப்போதுதான் நூற்றெண்பதும் சைபரும் ஒரே இடத்தில் விழும். பவருக்கு ஏற்ற நீளம் வை. ஒன்றின் முனையில் மற்றதைச் சேர். மொத்தம் எந்தப் பக்கம் போகிறதோ அதைப் பாதியாக்கு. அதுதான் ஆக்சிஸ். கடையில் உட்கார்ந்த முதல் வாரத்திலேயே எனக்கு இது தெரியும். உன் பேராசிரியர் இதைக்கூடச் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது.

மூன்று நாள் தலை வலிக்கும், பிறகு பழகிவிடும்.

கண்ணாடிக் கடைக்காரர்


ஏப்ரல் 24

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். தலை இரண்டு நாள்தான் வலித்தது. பலகையில் எழுதியது கடைசி வரிசையிலிருந்தே தெரிகிறது. மிக்க நன்றி.

சீட்டுகள் இரண்டும் உண்மையானவை, குழப்பம்தான் பொய். மன்னித்துக்கொள்ளுங்கள். இதைச் சார் சொல்லி நான் செய்யவில்லை, அவருக்குத் தெரியவும் தெரியாது. அத்தியாயம் நான்கில் நாங்கள் செய்திருப்பதும் நீங்கள் எழுதியிருப்பதேதான், ஐயா. நீங்கள் கோடு என்கிறீர்கள், நாங்கள் அம்பு என்கிறோம்.

இப்படிக்கு,
மாணவி


மே 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதமே இல்லை. அண்ணியும் எழுதவில்லை. உடம்புக்கு ஏதாவதா? அச்சகத்தில் அவசரப்படுத்துகிறார்கள். நீங்கள் அவர்களுக்கு எதுவும் எழுதவில்லை என்கிறார்கள். கவலையாக இருக்கிறது. ஒரு வரி போடுங்கள்.

தம்பி


ஜூன் 7

தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. அண்ணியின் தோள் உன் தைலத்தால் ஆறியது என்கிறாள். நான் ஆறவில்லை.

நாற்பத்தொன்றுதான். கடைக் கண்ணாடி மேசையின் மேல் மார்க்கரால் வரைந்தேன். மூன்று பங்கு நீளத்தில் ஒன்று, ஒரு பங்கு நீளத்தில் இன்னொன்று, இந்தப் பக்கம் அறுபது, அந்தப் பக்கம் அறுபது, முனையில் முனை. அளந்தால் நாற்பத்தொன்று. தேய்த்துவிட்டு மறுபடி வரைந்தேன், அப்போதும் அதேதான். முதல் தடவை சரியாகத் தேய்க்காததால் பழைய கோட்டின் மேலேயே விழுந்தது தெரிந்தது. மொத்த நீளமும் நாலு பங்கு வரவில்லை, மூன்றுக்கும் கீழே. கலந்த ஒளி திரும்பும்போது மங்கவும் செய்யும் என்று நீங்கள் எழுதியிருப்பது அதைத்தான் என்று அப்போது புரிந்தது. சுற்றை இன்னும் பெரிதாக்கி, ஒவ்வொன்றையும் தொண்ணூறு திருப்பிப் பார்த்தேன். என் முறையில் நாற்பத்தைந்து, அவள் முறையில் தொண்ணூறு. சரிபாதி போய்விட்டது. லென்ஸில் செய்யத் துணியாத கூட்டலை ஒளியில் செய்திருக்கிறேன்.

இதற்காக நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. தப்புக் கணக்கு குற்றம் இல்லை. குற்றம் செய்தவன் நீ. தெரிந்தும் சொல்லவில்லை. அண்ணிக்கு எழுதினாய், எனக்கு எழுதவில்லை. ஆமாம், காட்டிவிட்டாள். அவள்மேல் கோபப்படாதே. "இதுக்கு மேல என்னால இந்த மூஞ்சியப் பாத்துக்கிட்டு சமைக்க முடியாது" என்று சொல்லித்தான் காட்டினாள்.

நீ அனுப்பிய புத்தகக் கட்டுக்குள் உன் மாணவியின் பக்கங்கள் இரண்டு தவறிச் சேர்ந்திருந்தன. ஓரமெல்லாம் உன் சிவப்பு மை. ஓர் இடத்தில் "அபத்தம்" என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறாய். அதற்குக் கீழே பென்சிலில் அவள், "உங்க போன மாசத்து அபத்தத்தை விட இது தேவலை சார்" என்று எழுதியிருக்கிறாள். அந்தத் தாளை எத்தனை தடவை எடுத்துப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

இத்தனை வருஷத்தில் என் கடிதம் ஒன்றிலாவது நீ அபத்தம் என்று எழுதியிருக்கிறாயா? நான் அபத்தமே எழுதாத ஆளா? எல்லாவற்றிலும் "நன்றாக இருக்கிறது அண்ணா." உன் கடிதங்களை எடுத்து வரிசையாகப் படித்தேன். எத்தனை "நன்றாக இருக்கிறது"! இப்போது அவற்றில் எது நிஜம், எது தைலம் என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? என் கல்லூரிக்கே பூட்டுப் போட்டுவிட்டாய்.

எனக்கு அவள்மேல் பொறாமை என்று அண்ணி சொல்கிறாள். இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை, போகவும் போகாது. அட்டைக்காக இல்லை. அவள் தப்பை நீ அடிக்கிறாய், என் தப்பைத் தடவிக்கொடுக்கிறாய். அடி வாங்குகிற இடத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். அது என் இடம்.

இனி நடக்க வேண்டியவை. பேரம் கிடையாது.

அட்டையிலிருந்து என் பெயரை நீ எடுக்க வேண்டும். பரிதாபத்தில் போட்ட பெயர் எனக்கு வேண்டாம். நன்றியுரையிலுள்ள "ஊக்க"த்தையும் எடு.

அத்தியாயம் நான்கில், அம்புகளுக்கு முன்னால், என் முறையையும் போட வேண்டும். "இப்படிச் செய்யத் தோன்றும், செய்யாதீர்கள்" என்று போடு. செய்தது யார் என்று போடாதே. அதை எழுத வேண்டியது நீ இல்லை, அந்தப் பெண். நீ எழுதினால் அதையும் அழகாகப் பொருந்தவைத்துவிடுவாய்.

அண்ணி இனி உனக்குத் தனியாக எழுதமாட்டாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து என்னைத் திட்டச் சொல்லி, நானே எழுதி அனுப்புவேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு. அதில் மாற்றம் இல்லை. மற்ற ஆறு நாளும் உன் மாணவியே வைத்துக்கொள்ளட்டும்.

என் பழைய கடிதங்களை நீ வைத்திருப்பாய். எல்லாவற்றையும் எடுத்துச் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்ப வேண்டும். ஒன்றும் விடாமல்.

கடைசியாக அவள் செய்ய வேண்டியது. அவள் அம்பையே வைத்து ஒரு கேள்வி கேட்கிறேன். ஒளி சரிபாதியாகக் கலந்திருக்கிறது. பாதி இந்தப் பக்கம் தொண்ணூறு திரும்புகிறது, பாதி அந்தப் பக்கம் தொண்ணூறு. இரண்டு அம்பும் ஒரே நீளம், நேர் எதிர். ஒன்றின் முனையில் மற்றதை வைத்தால் புறப்பட்ட இடத்திலேயே வந்து நிற்கிறோம், அம்பே இல்லை. இல்லாத அம்புக்கு எது திசை? அத்தியாயத்தில் இதைத் தாண்டிக் குதித்திருக்கிறீர்கள். அவள் இதற்கு என் பெயருக்கு நேராகப் பதில் எழுத வேண்டும். கேள்வி அபத்தம் என்றால் அபத்தம் என்றே எழுதட்டும், இரண்டு கோடும் போடட்டும்.

அந்தக் கடிதத்தை நீ வாங்கிப் படிக்கக் கூடாது. ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது. அவள் ஒட்டித் தருவாள். அப்படியே கொண்டுபோய்த் தபால் பெட்டியில் போட வேண்டியது மட்டும்தான் உன் வேலை.

அண்ணன்